ஒன்பது இருபத்தாறுக்குள்

மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரிகளுக்கு வாரத்தில் திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் தளர்த்திய நாள். துணி துவைக்கலாம், காய்கறி வாங்கலாம், வீட்டுக்குப் போன் பேசலாம். மற்ற நாட்களில் காலை ஆறரைக்கு எழுந்தால், வீடு வீடாக, பூங்கா பூங்காவாக நடந்து, ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். கலிபோர்னியாவின் டப்ளின் நகரில் ஏழு மாதமாக இப்படி நடந்துகொண்டிருந்தாள் விஷாகா. வயது இருபத்திரண்டு. கோயம்புத்தூரில் பிறந்து, நான்கு வயதில் டெக்ஸாஸ் வந்து, ஹூஸ்டன் பக்கம் வளர்ந்தவள்.

சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் 'சிஸ்டர் வேலுமணி' என்று இருந்தது. வேலுமணி அவளுடைய அப்பா. அமெரிக்கப் படிவம் கடைசிப் பெயர் கேட்கும்போது நம்மவர்கள் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். அதுவே பள்ளி, கல்லூரி, பாஸ்போர்ட் என்று கூட வந்து, கடைசியில் சபையின் பெயர்ப்பட்டையிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது மகள் மார்மன் சபையில் சேர்ந்ததை வேலுமணி இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் பெயரை அவள் தினமும் நூறு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் போனுக்கு வருவதில்லை.

சலவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தத் திங்கட்கிழமையும் கூப்பிட்டாள். அம்மாதான் எடுத்தார்.

"அப்பா எங்கம்மா?"

"ஷவர்ல இருக்கார்டி."

"போன வாரமும் ஷவர்லதான் இருந்தார்."

"சுத்தமான மனுஷன்," என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என்ன சாப்பிட்டாய், குளிருதா என்று பேச்சு நகர்ந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் விஷாகா ஞானஸ்நானம் எடுத்த அன்று, தொட்டிக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். யாரும் வரவில்லை. சபையார் அதைக் கவனித்து, அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்று, பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அந்த நாற்காலிகளை நிரப்பினார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். காலியாகவே விட்டிருந்தால் இத்தனை வலித்திருக்காது என்று அவளுக்கு இன்றைக்கும் தோன்றும்.

இந்தச் சனிக்கிழமை வான்மதிக்கு ஞானஸ்நானம். அவளுக்கு முதல் வரிசை காலியாக இருக்கக்கூடாது, அவள் கணவன் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதுதான் விஷாகா அந்த வாரத்துக்குப் போட்டுக்கொண்ட தீர்மானம்.

வான்மதி தாராபுரத்துக்காரி. கணவன் ரஞ்சித்குமாருக்கு சாஃப்ட்வேர் வேலை. டப்ளினுக்கு வந்து நான்கு வருஷம். அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தாள். சபையில் இலவசமாக ஆங்கிலம் பேசக் கற்றுத் தருகிறார்கள் என்று வந்தவள், ஐந்து மாதத்தில் புத்தகங்களை வாங்கிப் போய்ப் படித்து, பென்சிலில் கேள்வி குறித்துக்கொண்டு வந்து விஷாகாவைத் திணறடித்தாள். ஏன் இதில் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் சின்னது: "ஜெபம் பண்ணும்போது யாரோ கேக்கற மாதிரி இருக்கு. அவ்ளோதான்."

மிஷனரிகளைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. வான்மதி முதல் நாளே மறுத்துவிட்டாள். "உங்கப்பா பேரைச் சொல்லி நான் எப்படிக் கூப்பிடறது? பெரியவங்க பேரு. நீ எனக்கு விஷாதான்."

கல்யாணமானவர் சேர வேண்டுமென்றால் துணைவரின் சம்மதம் வேண்டும். ரஞ்சித்குமார், "அவ இஷ்டம் சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல," என்று எப்போதோ சொல்லிவிட்டான். ஆனால் வருவானா?

செவ்வாய்க்கிழமை மாலை, கேட்பதற்காகவே போனாள். கூட சிஸ்டர் ஃபிஃபிட்டா. டோங்கா தீவுக் குடும்பம், யூட்டாவில் வளர்ந்தவள், ஆறடி உயரம், இருபது வயது. மிஷனரிகள் எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக்கூடாது. ஆகவே தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஃபிஃபிட்டா ஐந்து மாதமாகத் தமிழ்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு காபி கிடையாது, டீ கிடையாது," என்று ரஞ்சித்குமார் விரலை மடக்கினான். "பூஸ்ட் ஓகேவா? இல்ல அதுக்கும் ஏதாவது வசனம் இருக்கா?"

"பூஸ்டுக்கு வசனம் இல்லண்ணா. குடுங்க."

நான்கு டம்ளர் வந்தது. விஷாகா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, சனிக்கிழமை நீங்க வரணும். ஒன்பதரைக்கு. முதல் வரிசைல உங்களுக்கு சீட் போட்டிருக்கேன்."

"வர்றதுல ஒண்ணும் இல்ல சிஸ்டர். டைம்தான் பிராப்ளம்." அவன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினான். இந்தியக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. "சனிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். அம்மாகிட்ட பேசினேன். ராகு காலத்துல எதையும் ஆரம்பிக்காதேன்னுட்டாங்க."

"நீங்க நம்பறீங்களா?"

"நான் எங்க நம்பறேன்? அம்மா நம்பறாங்க. அம்மா வேண்டாம்னு சொன்னப்புறம் நான் போய் உக்காந்தா, அப்புறம் சளி பிடிச்சாக்கூட அதனாலதான்னு வரும்."

"அத்தைகிட்ட என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் வான்மதி.

"ஒரு ஃபங்ஷன்னு."

வான்மதி டம்ளரைக் கீழே வைத்தாள். விஷாகா அதைக் கவனித்தாள். ஆனால் அவள் மனம் அதற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பதினொன்றரைக்குக் கட்டடம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விடும். பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தால்?

புதன்கிழமை காலை பிரதர் ஓல்சனைப் பிடித்தாள். எழுபத்திரண்டு வயது. கட்டடச் சாவியும் ஞானஸ்நானத் தொட்டியும் அவர் பொறுப்பு. பெண் மிஷனரிகள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால் சனிக்கிழமை வான்மதியோடு தண்ணீரில் இறங்கப்போவதும் அவர்தான். விஷாகா எதையும் மறைக்காமல் காரணத்தைச் சொன்னாள். நாம் கிரகம் பார்த்து நாள் வைப்பதில்லையே என்றார் அவர்.

"நாம பாக்கல. வர்ற விருந்தாளி பாக்கறார்," என்றாள் விஷாகா.

கிழவர் யோசித்தார். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தையே ஃபுட்பால் ஆட்டத்துக்காக மாற்றியிருக்கிறோம், உங்கள் கிரகம் எவ்வளவோ பரவாயில்லை என்று சொல்லி நேரத்தை மாற்றி எழுதினார். பியானோ வாசிப்பவர், ஜெபம் சொல்பவர், கேக் கொண்டு வருபவர் என்று விஷாகா பதினோரு பேருக்குப் போன் செய்தாள். நடுவில் அவளும் ஃபிஃபிட்டாவும் ஒரு குடும்பத்தின் சோபாவை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள், ஆங்கில வகுப்பு எடுத்தார்கள், பதினேழு கதவு தட்டி இரண்டு கதவு திறக்கக் கண்டார்கள்.

வியாழக்கிழமை மாலை, புது நேரத்தைச் சொல்ல வான்மதி வீட்டுக்குப் போனபோது, ஃபிஃபிட்டா அந்த நாட்காட்டி முன் நின்று, அது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விஷாகா விளக்கினாள். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள நேரத்தை எட்டாகப் பிரிப்பார்கள். அதில் ஒரு பங்கு ராகு காலம். சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. ஆறு மணிக்கு உதயமென்றால் ஒன்பதிலிருந்து பத்தரை.

ஃபிஃபிட்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜூன் மாதம். ஏழரை மணிக்கும் வெயில் சுளீரென்று அடித்தது. இங்கே சூரியன் மறைய எட்டரை ஆகிறதே என்றாள்.

ரஞ்சித்குமார் மெதுவாக எழுந்து லேப்டாப்பைத் திறந்தான். உதயம் ஐந்தே முக்கால். அஸ்தமனம் எட்டரை. எட்டால் வகுத்தால் ஒரு பங்குக்கு நூற்றுப் பத்து நிமிஷம்.

"ஒன்பது இருபத்தாறுலேர்ந்து பதினொன்னு பதினேழு," என்றான். தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ! காலண்டர்ல போட்டிருக்கறது தாராபுரத்து ராகு காலம். நாலு வருஷமா நான் தப்பான டைம் பாத்துட்டு இருந்திருக்கேன். கார் வாங்கினது, லீஸ் சைன் பண்ணது, கிரீன் கார்டு அப்ளை பண்ணது…"

"அதான் வரல," என்றாள் வான்மதி.

ஃபிஃபிட்டா எதற்கென்று தெரியாமலே எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பத்தே முக்கால் நட்ட நடு ராகு காலத்தில் விழுந்தது. பதினொன்று பதினேழுக்குப் பிறகு கட்டடம் இல்லை. "எட்டு மணி," என்றாள் விஷாகா. "எட்டு மணிக்கு வெச்சா எட்டரைக்கு முடிஞ்சிடும். வருவீங்களாண்ணா?"

"எட்டுன்னா ஓகே. வரேன்."

மறுபடி பதினோரு போன். ஓல்சன் இந்த முறை சிரிக்கவில்லை. தொட்டி நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும், ஐந்து மணிக்குத் தண்ணீர் திறக்க வேண்டும், நீயும் வர வேண்டும் என்றார். சீக்கிரம் எழுந்து வெளியே போக மேலிடத்தில் அனுமதி கேட்டு வாங்கினாள் விஷாகா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தபோதுதான் வெள்ளிக்கிழமை வான்மதி கூப்பிட்டாள். "சாயங்காலம் ஏழரைக்கு வா. நான் அத்தைகிட்ட பேசப் போறேன். ஃபங்ஷன்னு பொய் சொல்லிட்டு நான் தண்ணில இறங்க மாட்டேன்."

ஏழரை மணி. தாராபுரத்தில் அப்போது சனிக்கிழமை காலை எட்டு. ரஞ்சித்குமாரின் அம்மா புஷ்பவல்லி வீடியோவில் அடுப்படியிலிருந்து தெரிந்தார். ரஞ்சித்குமார் சோபாவின் ஓரத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன கண்ணு, ஃபங்ஷனுக்குச் சீலை எடுத்து வெச்சுட்டியா?"

"அத்தை, அது ஃபங்ஷன் இல்லீங்க. ஞானஸ்நானம். எனக்குத்தான். நானா யோசிச்சு முடிவு பண்ணேன். உங்ககிட்ட மறைச்சது தப்புங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. புஷ்பவல்லி அதை இறக்கவில்லை.

"ரஞ்சித்து."

"சொல்லும்மா."

"நல்ல காரியம்னு நினைச்சுத்தான் நேரம் சொன்னேன். நீ அங்க போயி நிக்கப் போறியா?"

அவன் வான்மதியைப் பார்த்தான்.

"நீ போயி நின்னீன்னா நாளைக்கு ஊர்ல கோயில் நோம்பிக்குப் போனா நாலு பேரு கேப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?" திரை இருண்டது.

ரஞ்சித்குமார் சொன்னான். "நான் டிராப் பண்றேன். உள்ள வரல. கார்லயே உக்காந்திருக்கேன்."

"அண்ணா, பத்தே நிமிஷம்," என்றாள் விஷாகா. "பின்னாடி கதவு வழியா வந்து…"

"சிஸ்டர், விடுங்க."

"முதல் வரிசை வேண்டாம், கடைசில…"

"விஷா, வெளிய வா," என்றாள் வான்மதி.

மாடிப்படியருகே நின்றார்கள். ஃபிஃபிட்டா கண்ணில் படும் தூரத்தில், காது கேட்காததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாருக்காக அவரைக் கூப்பிடற?"

"உங்களுக்காகத்தான்க்கா."

"எனக்காக இல்ல. உங்கப்பா வரலைங்கறதுக்காக என் வீட்டுக்காரரை இழுத்துட்டுப் போய் உக்கார வைக்கப் பாக்கற."

விஷாகாவுக்கு முகம் சுட்டது.

"அவர் வந்தா எனக்கு சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். ஆனா வராட்டியும் நான் இறங்குவேன். எட்டு மணிக்கு. நீ தண்ணிய மட்டும் ரெடியா வை."

சனிக்கிழமை ஐந்து மணிக்கு விஷாகாவுக்கும் ஃபிஃபிட்டாவுக்கும் ஓல்சன் கதவைத் திறந்தார். விஷாகா தொட்டிக்குள் இறங்கி வடிகால் கைப்பிடியைத் திருகினாள். வெந்நீரும் தண்ணீருமாகக் கலந்து திறந்துவிட்டார்கள். பிறகு நாற்காலி போட்டாள், வெள்ளை உடையை இஸ்திரி போட்டாள், முதல் வரிசையில் ஒட்டியிருந்த 'குடும்பத்தினர்' என்ற காகிதத்தைக் கிழித்தெடுத்தாள். ஏழே காலுக்கு ஓல்சன் வந்து தோளைத் தொட்டார்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றது. இடுப்புக்கு மேல் இருந்தால்தான் ஆளை முழுதாக மூழ்க வைக்க முடியும். ஒரு முடிகூட வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் மறுபடி செய்ய வேண்டும். வடிகால் முழுதாக மூடவில்லை. திருகியது விஷாகாதான். பாதித் தண்ணீர் இரண்டு மணி நேரமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வெந்நீர்க் கலனும் காலி.

குழாயை மட்டும் நம்பினால் பத்து மணி ஆகும் என்றார் ஓல்சன். பத்துக்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் விஷாகா. தண்ணீரை ரெடியாக வை என்ற ஒரு வேலைதான் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஷூவைக் கழற்றினாள், கைப்பிடியைப் பலமாகத் திருகி மூடினாள், சமையலறைக்கு ஓடினாள்.

பெரிய அடுப்பில் இரண்டு அண்டா வெந்நீர் ஏறியது. துடைப்ப அறையில் நான்கு பக்கெட், அலமாரியில் ஐஸ்கிரீம் டப்பாக்கள், விருந்துக்கு ஜூஸ் கலக்கும் கண்ணாடிப் பாத்திரம் வரை வெளியே வந்தன. எட்டு மணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். கோட்டு போட்டு வந்தவர் கோட்டைக் கழற்றினார். பியானோக்கார அம்மா கைப்பையை வைத்துவிட்டு டப்பாவை எடுத்தார். ஃபிஃபிட்டா புல்வெளிக்குப் போய்த் தோட்டக்குழாயின் ரப்பர் ஹோஸைத் தோளில் போட்டு, ஏர் உழுவதுபோல் இழுத்துக்கொண்டு வந்தாள். அது தொட்டிக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டது.

வான்மதி வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஒரு பக்கெட்டைத் தூக்கினாள்.

"சாரிக்கா. என் தப்புதான்."

"அப்புறம் சாரி சொல்லு. இப்ப வழிய விடு."

வழிதான் இல்லை. நிறைந்த பக்கெட்டும் காலிப் பக்கெட்டும் ஒரே கதவில் மோதிக்கொண்டன. தரையெல்லாம் தண்ணீர். பதினைந்து பேர் ஓடியும் தொட்டியில் விரல் அளவு ஏறவில்லை. எட்டரை ஆனது.

வாகன நிறுத்தத்தில் ரஞ்சித்குமார் காரில் உட்கார்ந்திருந்தான். திறந்திருந்த பக்கக் கதவு வழியாக அவனுக்கு எல்லாம் தெரிந்தது. விஷாகாவுக்கும் அவன் தெரிந்தான். ஒவ்வொரு முறை கதவைக் கடக்கும்போதும் கூப்பிட வாய் துடித்தது. கூப்பிடவில்லை. அடுத்த பக்கெட்டைப் பிடித்தாள்.

எட்டு முப்பத்தெட்டுக்குக் கார்க் கதவு திறந்தது.

"என்னங்க இது, ஆளாளுக்குக் குறுக்க ஓடிட்டு!" என்று தமிழில் கத்திக்கொண்டே வந்தான் ரஞ்சித்குமார். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினான். "யாரும் நடக்கக்கூடாது. நில்லுங்க. பக்கெட்தான் நடக்கணும்!" சமையலறையிலிருந்து தொட்டி வரை கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொருவராக நிறுத்தினான். நிறைந்தது இடப்பக்கம், காலி வலப்பக்கம். ஹோஸின் முனைக்குக் கீழே குப்பைத்தொட்டியைக் கழுவி வைத்து அங்கே ஃபிஃபிட்டாவை மொள்ள விட்டான். கால்சட்டையை முட்டி வரை மடித்துக்கொண்டு தொட்டியின் படியில் தானே கடைசி ஆளாக நின்றான்.

"தண்ணி லாரி வர்ற தெருவுல வளர்ந்தவன் சிஸ்டர் நான்," என்றான் விஷாகாவிடம். "லைனு கலைஞ்சா தண்ணி போச்சு."

"சரிண்ணா," என்றாள் விஷாகா. பக்கெட்டை அவன் கையில் கொடுத்தாள்.

வரிசை ஓடத் தொடங்கியது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் தொடை அளவு. ஒன்பது பதினைந்துக்கு இடுப்பைத் தொட்டது. வான்மதியும் ஓல்சனும் வெள்ளை உடை மாற்றப் போனார்கள். பாட்டும் பேச்சும் பிறகு ஆகட்டும், முதலில் ஞானஸ்நானம் என்று முடிவானது.

"போதுமா?" என்று கேட்டான் ரஞ்சித்குமார், ஒன்பது இருபத்திரண்டுக்கு.

உடை மாற்றி வந்த ஓல்சன் தொட்டியின் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். இன்னும் இரண்டு அங்குலம். குறைந்தால் அவள் முழுதாக மூழ்க மாட்டாள்.

பக்கெட்டுகள் வந்துகொண்டிருந்தன. ரஞ்சித்குமார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பதை விஷாகா பார்த்தாள். ஒன்பது இருபத்தாறு. அவன் கையிலிருந்த பக்கெட் அப்படியே நின்றது. வரிசையும் நின்றது, ஏனென்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது சொல்ல எத்தனையோ வாதங்கள் அவளிடம் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த பக்கெட்டை ஏந்தியபடி காத்திருந்தாள்.

அவன் போனைப் பையில் போட்டான். பக்கெட்டைக் கவிழ்த்தான். "இன்னும் பத்து பக்கெட். நிறுத்தாதீங்க."

ஒன்பது முப்பத்து நாலுக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. வெள்ளை உடையில், பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, வான்மதி படிக்கு வந்தாள். கணவனைப் பார்த்ததும் நின்றாள்.

"நேரம் ஆயிடுச்சுங்க. அத்தை…"

"அம்மா கேட்டா நான் சொல்லிக்கறேன். நான் நின்னேன்னே சொல்லிக்கறேன். தண்ணி ஆறிடும், இறங்கு."

அவள் இறங்கினாள். ஓல்சன் கையை உயர்த்திச் சில வார்த்தை சொன்னார். முதல் வரிசையில் யாருமே உட்காரவில்லை. நனைந்த சட்டைகளோடு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வான்மதி பின்னால் சாய்ந்து மூழ்கினாள், ஒரு முடிகூட வெளியே தெரியாமல்.

விஷாகா துண்டோடு முன்னால் ஓடினாள். இரண்டு அடி வைத்ததும் நின்று, அதை ரஞ்சித்குமாரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, நனைந்த படியில் ஒரு கால் கீழே வைத்து, மனைவிக்குக் கை கொடுத்தான்.